வியட்நாமில் வென்றது கெரில்லாப் போரா?

அலைவாய் (வெள்ளவத்தை) எழுதியது:

அன்பின் நண்பர்களுக்கு வணக்கம். வெள்ளவத்தையில் நாங்கள் சிலர் மாதந்தோறும் நடத்திவரும் வாசகர் வட்டத்தில் அடுத்த முறை வியட்நாம் பற்றிப் பேசும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. தலைப்பை அறிவித்த அன்றே கூட்டம் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எழுபதுகளில் இடதுசாரி இயக்கங்களோடு வளர்ந்த மூத்தவர்கள், ஒரு சிறிய விவசாய நாடு மன உறுதியையும் மக்கள் ஆதரவையும் மட்டுமே கொண்டு, காட்டுக்குள் மறைந்திருந்து தாக்கியே பிரான்சையும் அமெரிக்காவையும் துரத்தியது என்கிறார்கள். இளையவர்களோ, அமெரிக்கா களத்தில் தோற்கவேயில்லை, தன் நாட்டுத் தொலைக்காட்சியிடமும் பல்கலைக்கழக மாணவரிடமும்தான் தோற்றது என்று அதே உறுதியோடு வாதிடுகிறார்கள். எனக்கு இரண்டுமே அரைகுறையாகத்தான் படுகின்றன.

ஆகவே மூன்று விடயங்களில் உங்கள் உதவியை நாடுகிறேன். அந்தப் போரைத் தீர்மானித்தது உண்மையிலேயே கெரில்லாப் போர்முறைதானா? பேச்சை எந்த ஆண்டிலிருந்து தொடங்குவது பொருத்தம், 1945 ஆ, 1954 ஆ, அமெரிக்கத் தரைப்படை இறங்கிய 1965 ஆ? மூன்றாவதாக, கொழும்புப் பொது நூலக வளாகத்தில் ஹோ சி மின்னுக்குச் சிலை இருக்கிறது. அதைக் கடந்து, இந்த நீண்ட வரலாற்றில் நமது தீவுக்கு ஏதாவது தொடர்பு உண்டா?

ஒரு வேண்டுகோள். வியட்நாம் என்று தொடங்கினால் நம் நாட்டுப் போரில் போய் முடிவது இங்கு வழக்கம். அந்த ஒப்பீடு தனியாகவும் நிதானமாகவும் பேசப்பட வேண்டியது என்பதால், இந்தத் திரியில் அதைத் தவிர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

கொட்டாஞ்சேனை மாணாக்கன் எழுதியது:

முதற் கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன். குழப்பத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. கெரில்லாப் போர் அங்கே பெரிய பங்கு வகித்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. பிரெஞ்சுப் படைகளையும் பின்னர் அமெரிக்கப் படைகளையும் பாலத்துக்கும் பாதைக்கும் காவலாகச் சிதறி நிற்க வைத்ததும், கிராமங்களில் வரி திரட்டியதும், ஆள் சேர்த்ததும் அந்த அமைப்புத்தான். ஆனால் போரின் போக்கு திரும்பிய 1950, 1954, 1975 ஆகிய மூன்று ஆண்டுகளையும் எடுத்துப் பார்த்தால், அவை ஒவ்வொன்றிலும் களத்தில் நின்றது பீரங்கியும் பட்டாளப் பயிற்சியும் பெற்ற நிரந்தர இராணுவமே.

1949 வரை, ஹோ சி மின் தலைமையிலான விடுதலை இயக்கமான வியட் மின்னின் படைகள் வடக்கு மலைகளில் ஏறத்தாழத் தனித்து நின்றன. பிரெஞ்சுக்காரரால் அவர்களை அழிக்க முடியவில்லை, அவர்களால் பிரெஞ்சுக்காரரை வெளியேற்றவும் முடியவில்லை. அந்த ஆண்டு ஒக்டோபரில் சீனாவில் கம்யூனிஸ்ட் ஆட்சி ஏற்பட்டு எல்லை திறந்ததும் நிலைமை தலைகீழானது. படையணிகள் சீன மண்ணுக்குப் போய்ப் பயிற்சியும் ஆயுதமும் பெற்றுத் திரும்பின. 1950 இலையுதிர்காலத்தில் எல்லையோரமாகச் செல்லும் நான்காம் இலக்கப் பாதையில், காவ் பாங் நகரைக் கைவிட்டுப் பின்வாங்கிய பிரெஞ்சு அணியும் அதை மீட்கப் போன அணியும் ஏறத்தாழ முழுமையாக அழிக்கப்பட்டன. அன்றிலிருந்து வியட் மின்னுக்குப் பின்னால் யாராலும் மூட முடியாத ஒரு வாசல் இருந்தது. இதை விட்டுவிட்டு மன உறுதியை மட்டும் பேசினால், 1946 இலும் அதே மன உறுதி இருந்ததே, அப்போது ஏன் வெல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இராது.

தியென் பியன் பூவைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1953 நவம்பர் 20 அன்று பிரெஞ்சுப் பரசூட் துருப்புகள் லாவோஸ் எல்லைக்கு அருகிலுள்ள அந்தப் பள்ளத்தாக்கில் இறங்கின. சுற்றிலும் மலை, நடுவே ஒரு விமான ஓடுபாதை. எதிரி கனரகப் பீரங்கியை அந்த மலைகளுக்குக் கொண்டுவர முடியாது, கொண்டுவந்தாலும் முதற் குண்டிலேயே இருப்பிடம் தெரிந்துவிடும் என்பதுதான் பிரெஞ்சுக் கணக்கு. வியட்நாமியத் தளபதி வோ நுயென் ஜியாப் 1954 ஜனவரி பிற்பகுதியில் விரைவாகத் தாக்கி விரைவாக முடிக்கும் திட்டத்தோடு பீரங்கிகளை மனிதக் கைகளால் மலைமேல் இழுத்து ஏற்றியிருந்தார். தாக்குதலுக்குச் சில மணித்தியாலங்களே இருந்த நிலையில், ஜனவரி 26 அன்று, அதை நிறுத்திவிட்டு அதே பீரங்கிகளை அதே பாதையில் திரும்ப இறக்கும்படி உத்தரவிட்டார். இரண்டு தொன்னுக்கு மேல் எடையுள்ள பீரங்கியை ஏற்றுவதைவிட வழுக்கும் சரிவில் கயிற்றால் பிடித்து இறக்குவது ஆபத்தானது. கயிறு அறுந்தபோது சக்கரத்தின் கீழ் தன் உடலைக் கொடுத்து அதைத் தடுத்த தோ வின் தியென் என்ற பீரங்கிப் படைவீரர் இன்றும் அங்கே வீரராகப் போற்றப்படுகிறார்.

அதன் பிறகு ஏழு வாரம் மண் வெட்டும் வேலை நடந்தது. பீரங்கிகள் ஒவ்வொன்றும் பள்ளத்தாக்கைப் பார்த்த சரிவுகளில் குடைந்த குகைகளுக்குள், ஒரு துவாரம் வழியாக மட்டும் சுடும்படி வைக்கப்பட்டன. அரிசியும் எறிகணைகளும் சோவியத் பாரவூர்திகளிலும், 20,000 இற்கு மேற்பட்ட துவிச்சக்கர வண்டிகளிலும் வந்தன. அந்த வண்டிகளை யாரும் ஓட்டவில்லை. கைபிடியில் ஒரு மூங்கில் தடியையும் இருக்கைக்குப் பின்னால் இன்னொன்றையும் கட்டி, இருநூறு கிலோவுக்கு மேல் பாரம் ஏற்றி, பக்கத்தில் நடந்து தள்ளிச் சென்றார்கள். இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட குடிமக்கள் இந்தப் பணியில் ஈடுபட்டதாக வியட்நாமிய அரசின் கணக்குச் சொல்கிறது. மார்ச் 13 மாலை முதற் குண்டு விழுந்தது; அன்றிரவே பியாத்ரிஸ் என்று பெயரிடப்பட்ட காவலரண் வீழ்ந்தது. வியட்நாமியப் பீரங்கிகளை அடக்கிவிடுவதாக உறுதி கூறியிருந்த பிரெஞ்சுப் பீரங்கித் தளபதி பிரோத், இரண்டு நாட்களில் கைக்குண்டை வெடிக்கவைத்துத் தற்கொலை செய்துகொண்டார். மே 7 அன்று முகாம் முழுவதும் வீழ்ந்து, ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கைதிகளாயினர்.

இதைக் கெரில்லாத் தாக்குதல் என்று எப்படிச் சொல்வது? இது முற்றுகைப் போர். அந்த 105 மில்லிமீற்றர் பீரங்கிகள் அமெரிக்காவில் செய்யப்பட்டு, சீனாவின் கைக்கு வந்து, சீனாவால் வழங்கப்பட்டவை. ஜியாப்போடு சீன ஆலோசகர்களும் இருந்தார்கள். அதற்காக வெற்றியைச் சீனாவின் கணக்கில் எழுதுவதும் தவறு. பின்வாங்கும் முடிவின் முழுப் பாரத்தையும் சுமந்தவர் ஜியாப். 1951 ஜனவரியில் வின் யென் சமவெளியில் அவசரப்பட்டு நேரடித் தாக்குதல் நடத்தி, நேபாம் தீக்குண்டுகளுக்குத் தன் அணிகளைப் பறிகொடுத்தவர் அவர் என்பதை நினைத்தால் அந்த முடிவு விளங்கும்.

1954 இல் நாடு வடக்கு, தெற்கு என்று பிரிந்த பின் அமெரிக்கா வந்த இரண்டாம் கட்டத்தைச் சுருக்கிவிடுகிறேன். 1968 ஜனவரி இறுதியில், வியட்நாமியப் புத்தாண்டான டெட் வேளையில் கம்யூனிஸ்ட் படைகள் நூற்றுக்கு மேற்பட்ட நகரங்களில் நடத்திய டெட் தாக்குதல் அமெரிக்க அரசியலை உலுக்கியது உண்மை. ஆனால் எதிர்பார்த்த நகர எழுச்சி வரவில்லை, தென்னகத்துக் கெரில்லா அணிகள் பேரிழப்பைச் சந்தித்தன. அதன் பின்னர் களத்தைத் தாங்கியது பெரும்பாலும் வடக்கிலிருந்து வந்த நிரந்தரப் படைகளே. 1972 இல் அவை தாங்கிகளோடு வந்து அமெரிக்க விமானக் குண்டுவீச்சால் தடுக்கப்பட்டன. 1973 ஜனவரி 27 அன்று கையெழுத்தான பாரிஸ் உடன்படிக்கை அமெரிக்கப் படைகளை வெளியேறச் சொன்னது. தெற்கில் நின்ற வடக்குப் படைகளை வெளியேறச் சொல்லவில்லை. உங்கள் இளைய நண்பர்கள் மாணவர் போராட்டங்களைவிட இந்த ஒரு விதியைக் கவனிப்பது நல்லது. 1975 மார்ச் 10 அன்று தென்னகத்து மலைநகரான பான் மே துவோட் தாக்கப்பட்டது; ஏப்ரல் 30 அன்று தெற்கின் தலைநகர் சைகோனின் ஜனாதிபதி மாளிகையின் வாயிற்கதவைத் தாங்கிகள் உடைத்து நுழைந்தன. ஏழே வாரம்.

நூலகவாசி (மருதானை) எழுதியது:

இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்குச் சேர்த்தே பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன்: 1945 செப்டெம்பரில் தொடங்குங்கள், கண்டியிலிருந்து தொடங்குங்கள். இது வெறும் உள்ளூர்ப் பெருமைக்காகச் சொல்வதன்று. மவுண்ட்பேட்டன் தலைமையிலான, நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் 1944 ஏப்ரல் முதல் பேராதனைப் பூங்காவில் இயங்கியது. ஜப்பான் சரணடைந்தபோது, இந்தோசீனாவில் 16ஆம் அகலக்கோட்டுக்கு வடக்கே சீன தேசியப் படைகளும் தெற்கே இந்தக் கட்டளையும் ஜப்பானியரின் ஆயுதங்களைக் களைவதென்று நேச நாடுகள் முடிவு செய்தன. பலரும் 1954 இன் 17ஆம் அகலக்கோட்டையே முதற் பிளவாக எண்ணுகிறார்கள். அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பே நாடு நிர்வாக ரீதியாகப் பிளக்கப்பட்டு, இரு பகுதிகளிலும் முற்றிலும் வேறான விளைவுகள் ஏற்பட்டுவிட்டன.

வடக்கில், செப்டெம்பர் 2 அன்று பா தின் சதுக்கத்தில் சுதந்திரத்தைப் பிரகடனம் செய்த ஹோ சி மின் அரசு, சீனத் தேசியப் படைகளின் இருப்பைச் சகித்துக்கொண்டு, ஓராண்டுக்கு மேலாக ஆட்சி நடத்தி வேரூன்றியது. முந்திய குளிர்காலத்தில் பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மடிந்திருந்த அந்தப் பகுதியில், ஜப்பானியரின் நெற்களஞ்சியங்களைத் திறந்துவிட்ட இயக்கம் என்ற பெயர் வியட் மின்னுக்கு ஏற்கெனவே இருந்தது. தெற்கில் நடந்ததோ வேறு. செப்டெம்பர் 13 அன்று சைகோனில் இறங்கிய ஜெனரல் கிரேசியின் படை, 20ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. 1942 இல் பெங்களூரில் உருவாகி, பர்மாவுக்குப் போகுமுன் இலங்கையில் காவலுக்கு நின்ற அதே பிரிவுதான். கிரேசி சில நாட்களிலேயே இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்து, சிறையிருந்த பிரெஞ்சுப் படையினருக்கு ஆயுதம் கொடுத்தார். செப்டெம்பர் 23 அதிகாலையில் அவர்கள் நகர மண்டபத்தைக் கைப்பற்றி, கண்ணில் பட்ட வியட்நாமியரைத் தாக்கினார்கள். மறுநாள் இரவு பிரெஞ்சுக் குடிமக்கள் கொல்லப்பட்டார்கள். ஆளணி போதாத கிரேசி, ஆயுதம் களைய வேண்டிய ஜப்பானியரிடமே ஆயுதத்தைத் திருப்பிக் கொடுத்துக் காவலுக்கு அனுப்பினார். சில மாதங்களுக்கு முன் பர்மாவில் ஒருவரையொருவர் கொன்றுகொண்டிருந்த இந்தியச் சிப்பாய்களும் ஜப்பானியரும், இரு தரப்புக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லாத ஒரு நாட்டின் தெருக்களில் ஒரே பக்கத்தில் நின்றார்கள். இந்தியப் படைகள் இப்படிப் பயன்படுத்தப்பட்டதை நேருவும் ஏனைய தலைவர்களும் வன்மையாகக் கண்டித்தனர்.

செப்டெம்பர் 26 அன்று சைகோனில் ஒரு தடுப்பரணில் கொல்லப்பட்ட அமெரிக்க அதிகாரி பீற்றர் டூவி, கண்டியில் இயங்கிய அமெரிக்கப் புலனாய்வுப் பிரிவிலிருந்து சென்றவர். பிரெஞ்சுக்காரர் என்று தவறாகக் கருதிச் சுட்டிருக்கிறார்கள் என்பதே பரவலான கருத்து. வியட்நாமில் உயிரிழந்த முதல் அமெரிக்கப் படையினராக அவரைக் குறிப்பிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு.

1954 இல் கொழும்பின் பெயர் மறுபடி வருகிறது. ஏப்ரல் 28 அன்று இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இந்தோனேசியா ஆகியவற்றின் பிரதமர்கள் இங்கே கூடினார்கள். தியென் பியன் பூவில் இறுதித் தாக்குதல் நடந்துகொண்டிருந்த அதே வாரத்தில், உடனடிப் போர்நிறுத்தம் வேண்டும், இந்தோசீனாவின் முழுச் சுதந்திரத்துக்குத் தான் கட்டுப்பட்டிருப்பதைப் பிரான்ஸ் அறிவிக்க வேண்டும் என்று அந்த மாநாடு கோரியது. ஆனால் அதே மாதத்தில், பிரெஞ்சுத் துருப்புகளை ஏற்றிச் சென்ற அமெரிக்க விமானங்களுக்கு இந்தியா வான்வழியை மறுத்த நிலையில், மாநாட்டைக் கூட்டிய பிரதமர் கொத்தலாவலையின் அரசு அவை இலங்கையில் இறங்கிச் செல்ல இடமளித்தது. இடதுசாரி மூத்தவர்கள் இதை மறந்திருக்க மாட்டார்கள். வட வியட்நாமின் ஹனோய் அரசுடன் இராஜதந்திர உறவு 1970 இல், சிறிமாவோ ஆட்சிக்கு வந்த பிறகே ஏற்பட்டது.

அலைவாய் எழுதியது:

இருவருக்கும் நன்றி. கண்டித் தொடர்பு எனக்கு முற்றிலும் புதிது. ஆயினும் மாணாக்கன் அவர்களின் விளக்கத்தில் ஓர் இடம் உறுத்துகிறது. எல்லாவற்றையும் எல்லை, பீரங்கி, வழங்கல் என்று கொண்டுபோனால், தெற்கில் வாழ்ந்த கோடிக்கணக்கான மக்கள் இந்தக் கதையில் எங்கே? அவர்களை ஹனோய் ஆட்டிவைத்ததா, அல்லது அவர்களுக்கென்று ஓர் அரசியல் இருந்ததா? மேலும், சீன உதவி அத்தனை முக்கியம் என்றால் 1979 இல் அதே சீனாவோடு எப்படிப் போர் மூண்டது?

மலைநாட்டு வாசகி (தெகிவளை) எழுதியது:

தெற்கைப் பற்றி நீங்கள் கேட்டது மகிழ்ச்சி. வியட்நாமைப் பேசும்போது அந்த மக்களைப் போர்க்களத்தின் பின்னணித் திரையாக மட்டும் வைப்பது இங்கே வழக்கமாகிவிட்டது.

1954 இல் பிரெஞ்சுப் போரை முடித்து நாட்டைத் தற்காலிகமாகப் பிரித்த ஜெனீவா உடன்படிக்கை 1956 ஜூலையில் நாடு தழுவிய தேர்தலை எதிர்பார்த்தது. சைகோனில் ஆட்சியமைத்த நோ தின் தியெம் அதை நடத்த மறுத்தார். அதற்கு முன் 1955 ஒக்டோபரில் அவர் நடத்திய பொதுசன வாக்கெடுப்பில் 98 சதவீதத்துக்கு மேற்பட்ட வாக்குகள் தமக்கு விழுந்ததாக அறிவித்தார். சைகோனில் அவருக்கு விழுந்த வாக்குகள் பதிவு பெற்ற வாக்காளரின் எண்ணிக்கையையே மிஞ்சின. வியட் மின்னோடு இருந்தவர்களும் அப்படிச் சந்தேகிக்கப்பட்டவர்களும் வேட்டையாடப்பட்டார்கள். தெற்கிலிருந்த கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர்கள் ஆயுதம் எடுக்க அனுமதிக்கும்படி ஹனோயை மன்றாடினர். ஹனோயோ நிலச்சீர்திருத்தத்தில் தான் இழைத்த கொடுமைகளால் 1956 இல் கட்சியின் பொதுச் செயலாளரையே பதவி நீக்க வேண்டிய நிலையில் இருந்தது. 1959 ஜனவரியில்தான் தெற்கில் ஆயுதப் போராட்டத்துக்குக் கட்சி இசைந்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் ஹோ சி மின் பாதையை அமைக்கும் 559ஆம் அணி உருவானது. 1960 டிசெம்பரில் தெற்குப் போராளிகளின் தேசிய விடுதலை முன்னணி அறிவிக்கப்பட்டது. ஆகவே தெற்கின் எழுச்சி ஹனோயின் உற்பத்தி என்ற வாதமும், ஹனோய்க்கு அதில் பங்கில்லை என்ற அக்காலப் பிரசாரமும் இந்தக் கால வரிசைக்கு முன் நிற்கமாட்டா.

1963 இல் நெருக்கடியைக் கொண்டுவந்தது கம்யூனிஸ்ட்களல்லர், பௌத்தர்கள். மே மாதம் ஹூவே நகரில் வெசாக் நாளில் பௌத்தக் கொடிக்குத் தடை விதித்து, எதிர்ப்புத் தெரிவித்தவர்கள்மீது சுட்டதிலிருந்து அது தொடங்கியது. ஜூன் 11 அன்று திக் குவாங் டுக் தேரர் சைகோன் வீதியில் தீக்குளித்தார். இந்த விவகாரத்தை ஐக்கிய நாடுகள் சபைக்குக் கொண்டுசென்றதில் இலங்கைக்குப் பங்கு உண்டு. விசாரிக்கப் போன ஐ.நா. குழுவில் இலங்கைப் பிரதிநிதியும் இருந்தார். அக்குழு அங்கே இருந்தபோதே நவம்பர் முதலாந் திகதி இராணுவப் புரட்சி வெடித்து, மறுநாள் தியெம் கொல்லப்பட்டார்.

தென் வியட்நாமிய இராணுவத்தைக் கூலிப்படை என்று ஒதுக்குவதையும் ஏற்க முடியாது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட படையினரை அது இழந்தது. எல்லாம் முடிந்துவிட்டது என்று தெரிந்த பின்னும், 1975 ஏப்ரலில் சுவான் லொக்கில் அதன் 18ஆவது பிரிவு பன்னிரண்டு நாட்கள் நின்று போரிட்டது. அதற்கு இல்லாமற் போனது வீரமன்று. ஒன்றன்பின் ஒன்றாக வந்த தளபதி ஆட்சிகளுக்கு மக்களிடம் வேர் இருக்கவில்லை, போர் முழுவதும் அமெரிக்க விமானங்களையும் அமெரிக்க எரிபொருளையும் நம்பி வடிவமைக்கப்பட்டிருந்தது, கொடுத்தவர்கள் 1974 இல் உதவியைக் குறைத்தார்கள்.

வெற்றிக்குப் பின் தெற்குக்கு நடந்ததையும் சொல்லாமல் விடாதீர்கள். தென்னகத்தவரின் தற்காலிகப் புரட்சி அரசு 1976 இல் கலைக்கப்பட்டது. அதில் நீதி அமைச்சராக இருந்த துருவோங் நு தாங்கே 1978 இல் படகேறித் தப்பினார். மறுகல்வி முகாம்களுக்குப் போனவர்களும் கடலில் இறங்கிய இலட்சக்கணக்கானவர்களும், உங்கள் மூத்தவர்கள் விரும்பும் கதையின் கடைசி அத்தியாயத்தில் இருக்க வேண்டியவர்கள்.

கொட்டாஞ்சேனை மாணாக்கன் எழுதியது:

வாசகி அவர்கள் சொன்னதில் எனக்கு முரண்பாடு இல்லை. நான் களத்தைப் பற்றி மட்டுமே பேசினேன். 1979 பற்றிச் சில வரிகள்.

1965 முதல் 1969 வரை வட வியட்நாமில் சீனாவின் விமான எதிர்ப்பு, பொறியியற் படைகள் நின்றன. சுழற்சி முறையில் மொத்தம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து சென்றனர். சீனாவும் சோவியத் ஒன்றியமும் பகைத்துக்கொண்டபோது ஹனோய் இருவரிடமும் உதவி பெற்றுக்கொண்டு எவர் பக்கமும் முழுமையாகச் சாயாமல் பார்த்துக்கொண்டது. போர் முடிந்ததும் அந்தக் கயிற்றில் நடக்கும் அவசியம் இல்லாமற் போனது. 1978 நவம்பரில் கட்சிப் பொதுச் செயலாளர் லெ துவானின் தலைமை மொஸ்கோவோடு நட்புறவு ஒப்பந்தம் செய்தது. எல்லைக் கிராமங்களில் படுகொலைகள் நடத்திய பொல் பொட் ஆட்சிக்கு எதிராக டிசெம்பர் 25 அன்று கம்போடியாவுக்குள் முழுப் படையெடுப்பைத் தொடங்கி, ஜனவரி 7 இல் நொம் பென்னைப் பிடித்தது. பொல் பொட்டின் புரவலரான சீனா பெப்ரவரி 17 அன்று வடக்கு எல்லையைத் தாக்கி, லாங் சோன் நகரைக் கைப்பற்றி, மார்ச் நடுப்பகுதியில் திரும்பிப் போனது. சிறந்த படைப்பிரிவுகள் கம்போடியாவில் இருந்ததால், அந்தத் தாக்குதலின் முதல் அடியைத் தாங்கியவர்கள் பெரும்பாலும் மாகாணப் படையினரும் ஊர்க்காவலருமே. மூத்தவர்கள் பக்கம் ஒரு சான்று வேண்டுமானால், தியென் பியன் பூவைவிட இது நல்ல சான்று.

விடுவித்தவர்களாகப் போன வியட்நாமியப் படைகள் கம்போடியக் காடுகளில் பத்தாண்டுகள், பிறருடைய கெரில்லாக்களைத் துரத்திக்கொண்டிருந்தன. 1989 செப்டெம்பரில்தான் வெளியேறின. 1986 டிசெம்பரில் ஆறாவது கட்சி மாநாடு பொருளாதாரச் சீர்திருத்தத்தைத் தொடங்கியதற்கு இந்தச் செலவும் தனிமைப்படலும் முக்கிய காரணங்கள்.

பேச்சுக்கு ஒரு மணித்தியாலம்தான் என்றால், டெட் தாக்குதலுக்கு ஐந்து நிமிடம் போதும். அதை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். 1945 இன் சைகோனுக்கும், 1959 ஜனவரி முடிவுக்கும், 1973 உடன்படிக்கையின் அந்த ஒரு விதிக்கும் நேரம் ஒதுக்குங்கள். வரைபடம் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். லாவோஸ், கம்போடியா, சீன எல்லைகள் தெளிவாகத் தெரிவதாக இருக்கட்டும்.